விமானம் எதை ஊற்றிப் பறக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானப் போக்குவரத்தின் எதிர்காலம் பற்றி ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். புதிய விமான நிலையங்கள், நூற்றுக்கணக்கில் வாங்கப்போகும் விமானங்கள், இறங்கிக்கொண்டே போகும் டிக்கெட் விலை, இன்னும் இருபது வருடத்தில் எத்தனை கோடிப் பேர் பறப்பார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அந்த விமானங்களில் எதை ஊற்றுவார்கள் என்பது மட்டும் இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். வடசென்னை என்றால் மற்றவர்களுக்குத் துறைமுகமும் லாரியும் நினைவுக்கு வரும். மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கு நிரப்புகிற எரிபொருள் மணலியிலிருந்து குழாய் வழியாகப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயோடு தொடங்கிய மணலி ஆலை, இன்றைக்கு 1 கோடியே 5 லட்சம் டன் சுத்திகரிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு ஏடிஎஃப், அதாவது விமான எரிபொருள். அடிப்படையில் அது மண்ணெண்ணெய்தான். ஆனால் ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு இல்லாத கட்டுப்பாடுகள் அதற்கு உண்டு.

அதற்காக நாங்கள் செய்யும் சோதனைகளில் இரண்டைச் சொல்கிறேன், விஷயம் புரிவதற்கு அவை போதும். சாம்பிள் வந்ததும் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சுழற்றுவோம். நடுவில் சுழி விழும். அந்தச் சுழியின் அடியில் ஒரு தூசியோ நீர்த்துளியோ தெரிந்தால் அந்த டேங்க் போகாது. அப்புறம் உறைநிலை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, கலக்கிக்கொண்டே குளிரவைப்போம். ஒரு கட்டத்தில் உள்ளே சன்னமாக மெழுகுத் துகள்கள் மினுங்கும். உடனே வெளியே எடுத்து மெல்லச் சூடேறவிட்டு, கடைசித் துகள் கரைந்து மறைகிற வெப்பநிலையைக் குறிப்போம். அது மைனஸ் 47 டிகிரிக்கு மேலே இருக்கக் கூடாது. மைனஸ் 46 என்றால்கூட நிராகரிப்புதான். 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 50-க்கும் கீழே போகும். எரிபொருள் இருப்பது இறக்கைக்குள். அங்கே மெழுகு கட்டினால் எஞ்சினுக்குப் பாதை அடைபடும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும், அந்த விமானத்தில் உட்காரப்போகிறவர்கள் என் மனதில் இருப்பார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார் பேட்டரிக்கு மாறிவிட்டது, பஸ் மாறிக்கொண்டிருக்கிறது, விமானமும் மாறிவிடும் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு கிலோ விமான எரிபொருளில் இருக்கும் ஆற்றல், ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் இருப்பதைவிட நாற்பது மடங்குக்கும் அதிகம். எஞ்சின் அதை முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்று கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதாகவே இருக்கும். போதாக்குறைக்கு, எரிபொருள் தீரத் தீர விமானம் எடை குறையும். பேட்டரி ஏறிய எடையோடுதான் இறங்கும். பத்து இருபது பேரோடு பக்கத்து ஊருக்குப் போகிற சின்ன விமானத்துக்கு பேட்டரி சரிப்படலாம். சென்னையிலிருந்து துபாய்க்குப் போகச் சரிப்படாது. ஹைட்ரஜனில் பறக்கும் விமானத்தை 2035-க்குள் கொண்டுவருவோம் என்று ஏர்பஸ் நிறுவனம் 2020-இல் அறிவித்தது. 2025 தொடக்கத்தில் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டது. திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், இடமும் மண்ணெண்ணெயைப்போல நான்கு மடங்கு பிடிக்கும். டேங்க், விமான நிலையம், லாரி எல்லாமே புதிதாக வேண்டும்.

இதற்கிடையில் 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கின்றன. அவை வந்து சேரவே பல வருடம் ஆகும். ஒரு விமானம் சாதாரணமாக இருபத்தைந்து வருடம் ஓடும். ஆக, இப்போது கையெழுத்தான விமானங்கள் 2050-களிலும் பறந்துகொண்டிருக்கும். அவை எல்லாவற்றின் எஞ்சினும் கேட்பது இதே திரவத்தைத்தான். அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: பூமிக்கடியில் தோண்டாமல் இதே திரவத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

அதற்கான வழி இருக்கிறது. எஸ்ஏஎஃப் என்று உலகம் முழுக்கச் சொல்கிற மாற்று விமான எரிபொருள். சமையல் எண்ணெய்க் கழிவு, விலங்குக் கொழுப்பு, எத்தனால், வேளாண் கழிவு இவற்றிலிருந்தெல்லாம் செய்யலாம். நம் நாட்டில் 2018 ஆகஸ்டிலேயே டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து பறந்துவிட்டது. 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று முழுக்க முழுக்க மாற்று எரிபொருளிலேயே போய் இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இலிருந்து அங்குள்ள விமான நிலையங்களில் 2 சதவீதம் கலந்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. அது 2030-இல் 6 ஆகும், 2050-இல் 70 ஆகும். சிங்கப்பூர் 1 சதவீதத்தில் தொடங்கி, அதற்கான செலவைப் பயணச்சீட்டிலேயே சேர்த்து வசூலிக்க முடிவு செய்திருக்கிறது. நம் அரசும் வெளிநாடு செல்லும் விமானங்களுக்கு 2027-இல் 1, 2028-இல் 2, 2030-இல் 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் 2024-இல் உலகம் முழுக்க எரித்த விமான எரிபொருளில் இந்த மாற்று எரிபொருளின் பங்கு 0.3 சதவீதம் மட்டும்தான். வழி தெரியும், போக வேண்டிய தூரமும் தெரியும், சரக்குதான் இல்லை.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

என் தங்கை காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கத்தில் மாலை நேர பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறாள். வாழைக்காய், மிளகாய், வெங்காயம், சனிக்கிழமை மட்டும் காலிஃபிளவர். பாமாயில்தான் ஊற்றுகிறாள், மற்றதெல்லாம் கட்டுப்படியாகாது. கடை மூடும்போது வாணலியில் இரண்டு லிட்டர் போல மிஞ்சும். கறுத்து, அடியில் மாவு கருகி, நுரை அடங்காமல் இருக்கும். அதை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, பழைய பதினைந்து லிட்டர் டின்னில் ஊற்றி வைக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு பையன் ஸ்கூட்டரில் கேன் கட்டிக்கொண்டு வந்து, லிட்டர் நாற்பது ஐம்பது ரூபாய் என்று கொடுத்து வாங்கிப்போகிறான். ஒருநாள் நான் இருக்கும்போது தங்கை அவனைக் கேட்டாள்: "ஏன் தம்பி, இதெல்லாம் எங்க போவுது?" அவன் சொன்னான்: "டீசல் பண்றாங்களாம்க்கா. கொஞ்சம் பேரு சின்ன கடைக்கே திரும்ப வித்துடுறாங்க. நான் அப்படி இல்லக்கா."

அந்த இரண்டாவது வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு கடையில் கறுத்த எண்ணெய் இன்னொரு கடையின் வாணலிக்குப் போகிறது. அதில் பொரித்ததை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாங்கித் தின்கிறார்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் திட்டத்தையும் அதே வருடம் தொடங்கினார்கள். ஆனால் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிறவர்களுக்குத்தான். பெரிய ஓட்டல்கள் அதற்குள் வந்துவிடும். காசிமேட்டில் மீன் வறுக்கும் அக்காக்கள், பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடைக்காரர்கள், தங்கசாலைத் தெருவில் கச்சோரி போடுகிறவர்கள், என் தங்கை, இவர்கள் யாரும் வர மாட்டார்கள். வடசென்னையின் எண்ணெயில் பெரும்பகுதி இவர்கள் வாணலியில்தான் காய்கிறது என்பது இந்தத் தெருக்களில் ஒரு மாலை நடந்து பார்த்தாலே தெரியும்.

இந்த எண்ணெயை அப்படியே விமானத்தில் ஊற்ற முடியாது. மார்கழிக் காலையில் பாமாயில் டின்னைத் திறந்து பாருங்கள், கலங்கி அடியில் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். சென்னைக் குளிருக்கே உறைகிற பொருள் மைனஸ் 47-க்கு எங்கே தாங்கும்? பயோடீசலாக மாற்றினாலும் விமானத்துக்கு ஆகாது, காரணம் அதே உறைநிலைதான். எண்ணெயை அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி மேல் செலுத்த வேண்டும். அதிலுள்ள ஆக்சிஜன் பெரும்பாலும் தண்ணீராகப் பிரிந்து வெளியேறும். மிஞ்சுவது மெழுகு மாதிரி நீளமான கார்பன் சங்கிலிகள். அவற்றை உடைத்துக் கிளை பிரித்தால்தான் உறைநிலை இறங்கும். இதைச் செய்ய ஹைட்ரஜன் பிளான்ட் வேண்டும், எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைபுரியவைக்கும் ஹைட்ரோட்ரீட்டர் வேண்டும், சேமிப்பு டேங்க் வேண்டும், சோதிக்க ஆய்வகமும் அதில் கை பழகிய ஆட்களும் வேண்டும். இவை அத்தனையும் மணலியில் இருக்கின்றன. புதிதாக ஒரு ஆலை கட்ட வேண்டும் என்றுகூட இல்லை. வழக்கமான கச்சா எண்ணெய்ச் சரக்கோடு 5 சதவீதம் வரை சமையல் எண்ணெயைச் சேர்த்து ஓட்டி விமான எரிபொருள் எடுக்கலாம் என்று சர்வதேசத் தரவிதியே அனுமதிக்கிறது. ஹரியானாவின் பானிபட் ஆலை இந்த வழியில் போய் 2025 ஆகஸ்டில் சர்வதேசச் சான்றிதழும் வாங்கிவிட்டது, ஆண்டுக்கு 35,000 டன் என்பது அவர்கள் இலக்கு. பானிபட்டில் நடக்கிறது, மணலியில் ஏன் நடக்கக் கூடாது?

சரி, பஜ்ஜி எண்ணெயை வைத்து விமானத்துறையையே காப்பாற்றிவிடலாமா என்று கேட்பீர்கள். முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு நடுத்தர விமானம் போக ஆறேழு டன் எரிபொருள் ஆகும். அதில் 1 சதவீதம் என்றால் அறுபது எழுபது கிலோ. அவ்வளவு எடுக்க எண்பது முதல் நூறு கிலோ பழைய எண்ணெய் வேண்டும். என் தங்கை கடை மாதிரி ஐம்பது கடைகளின் ஒருநாள் மிச்சம் அது. முழு விமானத்தையும் அதிலேயே பறக்கவைக்க வேண்டுமென்றால் ஐயாயிரம் கடைகள், அதுவும் டெல்லிக்கு ஒரே ஒரு தடவை போவதற்கு. எனவே கழிவு எண்ணெய் ஒரு தொடக்கம்தான். அதற்கு மேலே எத்தனாலும், வைக்கோல் போன்ற வேளாண் கழிவும், ஒருநாள் காற்றாலை மின்சாரத்தில் செய்யும் செயற்கை எரிபொருளும் வர வேண்டும். சாப்பிடும் அரிசியையும் மக்காச்சோளத்தையும் விமானத்துக்காக எத்தனாலாக்குவதை நான் ஏற்கவில்லை. அதேபோல் புதுப் பாமாயிலையே பழைய எண்ணெய் என்று சொல்லி ஏற்றுமதி செய்கிறார்களோ என்ற சந்தேகம் ஐரோப்பாவில் எழுந்திருக்கிறது. அது இங்கேயும் வராமல் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இங்கே எண்ணெய் சேர்ப்பதற்காக மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் காடு அழியும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. உங்கள் கட்டுரை சொன்னது மாதிரி டிக்கெட் விலை இறங்கிக்கொண்டே போகாது. மாற்று எரிபொருளின் விலை சாதாரண எரிபொருளைப்போல இரண்டு மூன்று மடங்கு, சில வகைகள் அதற்கும் மேலே. நம் விமான நிறுவனங்களின் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் எரிபொருளுக்கே போகிறது. உலக அளவில் ஒரு பயணியிடமிருந்து அவர்களுக்கு மிஞ்சும் லாபம் ஏழு டாலர் அளவில்தான். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-இல் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023-இல் நின்றது. காரணங்கள் வேறு வேறு, ஆனால் இந்தத் தொழிலில் தாங்கும் சக்தி எவ்வளவு குறைவு என்று மூன்றும் காட்டின. விலை ஏறும், ஏறத்தான் வேண்டும். அப்போது யாருக்காக விமானத்தைக் காப்பாற்றுகிறோம் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும்.

என் அப்பா ஹார்பரில் சுமை தூக்கியவர். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும் பயணிகளின் பெட்டிகளை ரஜுலா கப்பலில் ஏற்றிய கதையை வாரம் தவறாமல் சொல்வார். டிரங்குப் பெட்டி, பாய், ஊறுகாய் ஜாடி, அம்மிக்கல்கூட ஏற்றியிருக்கிறாராம். 1926-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்ததோடு சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்துபோனது. விபத்து கடைசிக் காரணம்தான். அதற்கு முன்பே ஆட்கள் விமானத்துக்கு மாற ஆரம்பித்துவிட்டார்கள். ராயபுரத்திலும் மண்ணடியிலும் அந்தக் கப்பலை நம்பிப் பிழைத்த லாட்ஜ்காரர்கள், ஏஜெண்டுகள், சுமைகாரர்கள் எத்தனையோ பேர். ஒரு பெரிய போக்குவரத்துத் தொழில் ஒரு தலைமுறைக்குள் இல்லாமல் போவதை வடசென்னை கண்ணால் பார்த்திருக்கிறது. விமானத்துக்கு அப்படி நடக்காது என்று யாரும் எங்களுக்கு உறுதி சொல்ல முடியாது.

ஆனால் விமானம் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. இன்றைக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லலாம். வெல்டர், ஃபிட்டர், கட்டடத் தொழிலாளி, மருத்துவமனைச் செவிலியர். துபாய், தோஹா, குவைத், சிங்கப்பூர். பெற்றவர் இறந்த செய்தி வந்தால் அடுத்த நாள் காலையில் வாசலில் வந்து நிற்க முடிகிறதென்றால் அது விமானத்தால்தான். கப்பல் காலத்தில் கருமாதிக்குக்கூட வந்து சேர முடியாது. விமானச் சீட்டின் விலை ஏறி, பணக்காரர்கள் மட்டும் பறக்கும் காலம் திரும்பினால் முதலில் அடிபடுவது இந்தக் குடும்பங்கள்தான்.

அதனால் கிடைக்கிற கொஞ்சம் நல்ல எரிபொருளை, வேறு வழியே இல்லாத தூரங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்கும் கோவைக்கும் விமானம் எதற்கு? பெங்களூரு வழியாக மைசூருக்கு 2022-இலும், கோவைக்கு 2023-இலும் வந்தே பாரத் ரயில் விட்டார்கள். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போய், சோதனை முடித்து, காத்திருந்து ஏறி இறங்குகிற நேரத்தைச் சேர்த்தால் பெங்களூருக்கு ரயில் ஒன்றும் தாமதமில்லை. அதுவும் எங்களுக்கு சென்ட்ரல் பக்கம், மீனம்பாக்கம்தான் தூரம். ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று பிரான்ஸ் 2023-இல் நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டது. நாமும் ரயிலைக் கூட்டிவிட்டு அந்த வழியைப் பார்க்கலாம்.

பரந்தூரில் திட்டமிட்டிருக்கும் புதிய விமான நிலையத்தைப் பற்றியும் இதே பார்வையில்தான் கேட்கிறேன். ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்று திட்டம். மீனம்பாக்கம் இப்போது கையாளுவது இரண்டு கோடிக்கு மேலே. ஏகனாபுரத்து மக்கள் ஏரியையும் வயலையும் கொடுக்க மாட்டோம் என்று வருடக்கணக்கில் போராடுகிறார்கள். அத்தனை பேரை ஏற்றும் விமானங்களுக்கு 2045-இல், 2050-இல் எந்த எரிபொருள், எங்கிருந்து, என்ன விலைக்கு வரும் என்று கணக்குக் காட்டிவிட்டுத்தான் நிலத்தைக் கேட்க வேண்டும். ஓடுபாதை இல்லாமல் விமானம் இல்லை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். எரிபொருள் இல்லாமலும் இல்லை.

மணலியில் இந்த வேலை வர வேண்டும் என்று சொல்லும்போது ஒரு நிபந்தனையோடுதான் சொல்கிறேன். இந்த ஊர் நகரத்துக்காக ஏற்கெனவே நிறையச் சுமந்துவிட்டது. எண்ணூரில் சாம்பல், கொசஸ்தலையாற்றில் சேறு, கொடுங்கையூரில் குப்பைமேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது படகுகளின் விளிம்பு வரை கறுப்பாக ஒட்டியிருந்ததை நேரில் போய்ப் பார்த்தேன். மீனவர்கள் கையால் வழித்து வாளியில் அள்ளினார்கள். உலகத்துக்குத் தூய எரிபொருள் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, செய்கிற இடத்தில் மூச்சு முட்டவிடுவது நியாயமில்லை. காற்றில் என்ன கலந்திருக்கிறது என்ற அளவு, மணலி மக்கள் நின்று படிக்கிற மாதிரி பஸ் ஸ்டாண்டில் பலகையில் தமிழில் தெரிய வேண்டும். புதிய யூனிட்டில் வேலைக்கு எங்கள் பகுதி ஐடிஐ பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து எடுக்க வேண்டும், அதுவும் ஒப்பந்தக் கூலியாக இல்லாமல்.

எண்ணெய் சேர்ப்பதற்கும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மாநகராட்சி குப்பை வண்டி தினமும் தெருவுக்கு வருகிறது. வார்டுக்கு ஒரு இடத்தில் டிரம் வைத்து, எடை போட்டு, கையில் காசு கொடுத்தால் போதும். ஸ்கூட்டரில் வரும் பையன்களையும் ஒதுக்கிவிடாமல் உரிமம் கொடுத்து அதே வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம், அவர்களுக்குத்தான் எந்தக் கடையில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும். பழைய எண்ணெயைச் சின்னக் கடைக்கு விற்பதைவிட டிரம்மில் ஊற்றினால் ஐந்து ரூபாய் கூடக் கிடைக்கும் என்று ஆகிவிட்டால், எந்த அதிகாரியும் சோதனைக்கு வராமலேயே அது வாணலிக்குத் திரும்பாது.

2027 தூரத்தில் இல்லை. உங்கள் நிருபர்கள் தொழில்துறை அமைச்சரையோ, ஆலை நிர்வாகத்தையோ, மாநகராட்சி ஆணையரையோ பார்க்கும்போது இதை மட்டும் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிடுங்கள்: மணலியில் மாற்று விமான எரிபொருள் எந்த வருடம் தொடங்கும், அதற்கான எண்ணெயை எந்த வார்டிலிருந்து எடுக்கத் தொடங்குவீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்,
சென்னை – 19